டெல்டா வீடுகளுக்கு ஆன்லைன் மளிகை: எதை வாங்கலாம், எதை விடலாம், எப்படி வாங்கலாம்

ஆன்லைனில் மளிகை வாங்கினால் பணம் நிறைய மிச்சமாகும் என்று நம்பி இறங்குகிறவர்கள் இரண்டே மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். மிச்சமாவது பெரும்பாலும் நேரம்தான். அதுவும் எல்லாச் சாமானிலும் இல்லை, மாத லிஸ்டில் ஏறத்தாழ பாதியில். அந்தப் பாதி எது என்று பிரித்துக்கொண்டவர்களுக்கு இது பெரிய உதவி. பிரிக்காமல் அரிசியிலிருந்து கறிவேப்பிலை வரைக்கும் செயலியில் தட்டுகிறவர்களுக்குச் செலவும் கூடும், சாப்பாட்டு ருசியும் குறையும்.

சென்னைக்காரர்களுக்கு எழுதப்பட்ட ஆலோசனைகள் நமக்குச் சரிப்படாததற்குக் காரணம் உண்டு. இங்கே நெல் வயலிலிருந்து வருகிறது, பால் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறது, மீன் வண்டியில் வாசலுக்கே வருகிறது. “பஸ் செலவு மிச்சம்” என்ற வாதமும் இங்கே பாதிதான் செல்லும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் டவுனுக்குப் போய், கடையில் கூட்டத்தில் நின்று, இரண்டு கையிலும் பை சுமந்து, திரும்ப பஸ்ஸுக்குக் காத்திருந்து வீடு வந்து சேர அரை நாள் போய்விடும். கும்பகோணத்தில் வீடு, தஞ்சாவூரில் வேலை என்று தினமும் போக 40, வர 40 கிலோமீட்டர் அலைகிற தம்பதிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை என்பது சும்மா கிடைத்ததல்ல. நடவுக்கு ஆள் பார்த்துக்கொண்டே பள்ளிப் பிள்ளைகளையும் கிளப்பி அனுப்புகிற மன்னார்குடிப் பக்கத்து வீட்டுக்கும் அப்படித்தான். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்க, அப்பா அம்மா மட்டும் தனியாக இருக்கும் கூத்தாநல்லூர் வீட்டுக்கோ, பத்துக் கிலோ மூட்டை வாசற்படி வரைக்கும் வந்து இறங்குவதே பெரிய விஷயம்.

முதல் வேலை: லிஸ்டைப் பிரிப்பது

ஒரு தாளில் போன மாதம் வாங்கிய எல்லாவற்றையும் எழுதுங்கள். பழைய பில் இருந்தால் இன்னும் நல்லது. அதில் முதலில் ரேஷனில் கிடைப்பதைக் கழித்துவிடுங்கள். அட்டைக்கு ஏற்ற அரிசி, சர்க்கரை, 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில். இந்த விலைக்கு எந்தச் செயலியும் தராது. மாதத்துக்கு மூன்று கிலோ பருப்பு செலவாகும் வீடு என்றால் வெளியில் வாங்க வேண்டியது இரண்டு கிலோதான். இதைக் கழிக்காமல் ஆர்டர் போட்டுவிட்டு, அப்புறம் ரேஷன் பருப்பும் வந்து, டப்பாவில் இடமில்லாமல் வண்டு விழுகிற வீடுகள் நிறைய.

அடுத்து, ஊரிலேயே வாங்க வேண்டியவை. என் கணக்கில் இந்தப் பட்டியல் நீளம்.

அரிசி முதலில். டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு சாப்பாட்டு அரிசியை ஆன்லைனில் வாங்குவது எனக்கு இன்றைக்கும் புரியாத காரியம். சொந்த நெல் இருந்தால் கேள்வியே இல்லை, அரவை மில் இருக்கிறது. நெல் இல்லாதவர்கள்கூட மில்லிலோ அரிசி மண்டியிலோ நேரில் வாங்கினால் புது அரிசியா பழைய அரிசியா என்று கேட்கலாம், கையில் எடுத்துப் பார்க்கலாம், ஒரு கிலோ மட்டும் வாங்கி வடித்துப் பார்த்துவிட்டு 25 கிலோ சிப்பம் எடுக்கலாம். சம்பா அறுவடை முடிந்த கையோடு வருகிற புது அரிசி குழையும். அந்த விவரம் செயலியில் எங்கேயும் எழுதியிருக்காது. மாப்பிள்ளை சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, சீரகச் சம்பா மாதிரி பாரம்பரிய ரகங்களுக்கும் இதே பேச்சுதான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் வளர்த்தெடுத்த நெல் திருவிழாவிலிருந்து விதை வாங்கிப்போய் விளைவிக்கிற விவசாயிகள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் போனில் சொன்னாலே போதும். வெளியூர்க் கிடங்குக்குப் போய், அழகான பையில் ஏறி, கூரியரில் திரும்பி வரும் கவுனிக்கு அந்தப் பயணச் செலவையும் நாமே கொடுக்கிறோம்.

காய்கறி: உழவர் சந்தை இருக்கும் ஊர் என்றால் அங்கே. கும்பகோணத்துக்காரர்களுக்குத் தாராசுரம் மார்க்கெட் இருக்கிறது. முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்காமலும் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமலும் வாங்கச் சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம்தான். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து வாழையும் இலையும் நம் மார்க்கெட்டுக்கு அன்றைக்கு அன்றே வருகின்றன. மீனை வாசலுக்கு வருகிறவரிடமே வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாளில் மட்டும் விலை ஏறும், அப்போது ஆற்று மீன், குளத்து மீன், கருவாடு என்று ஓட்டிக்கொள்ளலாம். காப்பித்தூளை அரைக்கிற கடையில் சிக்கரி எவ்வளவு என்று சொல்லி வாங்குவதை விட்டுவிட்டுப் பாக்கெட்டுக்கு மாறியவர்களைக் கும்பகோணத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. வெற்றிலை, பூ பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மீதி இருப்பதுதான் ஆன்லைன் பாதி: ரேஷனுக்கு மேல் வேண்டிய பருப்பு, உளுந்து, கடலை, பாக்கெட் எண்ணெய், ரவை, சேமியா, மசாலாத் தூள், டீத்தூள், பிஸ்கட், ஓட்ஸ், சோப்பு, துணிப் பவுடர், பாத்திரம் துலக்கும் சோப்பு, பற்பசை, நாப்கின், குழந்தை டயப்பர், தரை துடைக்கும் திரவம். கனமானவை, கெடாதவை, எங்கே வாங்கினாலும் ஒரே மாதிரி இருப்பவை. இவற்றைத் தேர்ந்தெடுத்து வாங்குவதில் கைப்பக்குவம் எதுவும் இல்லை. அதனால் இதற்காக நேரில் போகும் நேரம் வீண். நாப்கின், டயப்பர் இரண்டிலும் இன்னொரு நன்மை உண்டு. சின்ன ஊர்க் கடையில் ஒரே ஒரு அளவுதான் இருக்கும், ஆன்லைனில் எல்லா அளவும் இருக்கும். கூட்டத்துக்கு நடுவே கேட்டு வாங்கும் சங்கடமும் இல்லை.

செக்கு எண்ணெய் வாங்கிப் பழகியவர்கள் அதை மாற்ற வேண்டாம்.

உங்கள் பின்கோடுக்கு யார் வருவார்கள் என்று பார்ப்பது

கணக்கு தொடங்கும் முன்பே பின்கோடைப் போட்டுப் பாருங்கள். தஞ்சாவூர் 613001-க்கு வருகிற சேவை, அதே தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்துக்கு வராது. வருகிறவர்களிலும் மூன்று வகை.

பத்து இருபது நிமிடத்தில் கொண்டுவருகிறவை ஒரு வகை. பிளிங்கிட், ஸ்விக்கி இன்ஸ்டாமார்ட், செப்டோ எல்லாம் இந்த மாதிரி. பக்கத்திலேயே அவர்கள் கிடங்கு இருந்தால்தான் வரும். பெரிய நகரங்களில் பழக்கமான இது டெல்டாவின் சின்ன டவுன்களில் இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது, மாதச் சாமானுக்கு இது தேவையே இல்லை. அவசரத்துக்கு ஒரு பாக்கெட் பால் வாங்கத் திறந்து, மூன்று சாக்லேட்டும் ஒரு சிப்ஸும் சேர்த்து வாங்க வைக்கும் ஏற்பாடு இது.

இரண்டாவது, ஒன்று முதல் சில நாளில் பார்சலாக வருபவை. அமேசான், ஃப்ளிப்கார்ட், ஜியோமார்ட் போன்றவை. நம் பக்கத்து வீடுகளுக்கு முக்கியமாகப் பயன்படுவது இதுதான். இதிலும் “வருமா” என்பதோடு நிறுத்தாமல், உங்கள் லிஸ்டில் உள்ள ஐந்து சாமானைப் போட்டு ஒவ்வொன்றும் உங்கள் ஊருக்கு வருகிறதா என்று பாருங்கள். பிஸ்கட் வரும், கண்ணாடி பாட்டிலும் பத்துக் கிலோ மாவு மூட்டையும் வராது என்பது பல கிராமங்களில் சகஜம்.

மூன்றாவது, உங்கள் ஊர் மளிகைக் கடையே.

வாட்ஸ்ஆப்பில் லிஸ்ட் அனுப்புவதும் ஆன்லைன்தான்

2020 ஊரடங்கின்போது பல கடைக்காரர்கள் போனில் லிஸ்ட் வாங்கிச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார்கள். நிறைய கடைகளில் அது அப்படியே நிலைத்துவிட்டது. முதலில் இதை முயன்று பார்த்துவிட்டு அப்புறம் பெரிய செயலிகளுக்குப் போகலாம் என்பது என் கட்சி. சில்லறையாக வாங்கலாம், பிடிக்காததை மறுநாளே மாற்றலாம், சம்பளம் தாமதமானால் பற்று நோட்டில் எழுதிக்கொள்வார். எந்தச் செயலியும் “அடுத்த வாரம் கொடுங்க, பரவாயில்லை” என்று சொல்லாது.

லிஸ்ட் அனுப்பும் விதத்தில்தான் பாதி வேலை முடிகிறது. “பருப்பு, எண்ணெய், சோப்பு” என்று அனுப்பினால் அவர் மனதுக்குத் தோன்றியதைப் போட்டு அனுப்புவார். இப்படி அனுப்பிப் பாருங்கள்:

“அண்ணே வணக்கம், வடக்கு வீதி டீச்சர் வீடு.
துவரம்பருப்பு 2 கிலோ (போன மாசம் குடுத்ததே)
உருட்டு உளுந்து 1½ கிலோ
கடுகு 200 கிராம்
மல்லி முழுசு 500 கிராம்
குளியல் சோப்பு 4 (சந்தனம், இல்லைன்னா வேண்டாம்)
இல்லாத சாமானுக்குப் பதிலா வேற போடாதீங்க, கேட்டுட்டுப் போடுங்க.
சாயந்தரம் 6 மணிக்கு மேல வீட்ல இருப்போம். பில் போட்டோ அனுப்புங்க, ஜீபே பண்ணிடறேன்.”

பதில் இப்படி வரும்: “சரிங்க டீச்சர். கடுகு 100 கிராம் பாக்கெட்தான் இருக்கு, ரெண்டு போட்டுடவா?” இந்த ஒரு கேள்வியைக் கேட்கிற கடைதான் உங்களுக்கு வேண்டிய கடை.

அனுப்பிய லிஸ்டை அழித்துவிடாதீர்கள். அடுத்த மாதம் அதையே நகலெடுத்து இரண்டு மூன்று வரியை மாற்றினால் போதும். வீட்டில் ஒரு குழு வைத்துக்கொண்டு, தீர்ந்துபோகிற சாமானைப் பார்த்தவர் பார்த்த நேரத்தில் அதில் எழுதிவிட்டால், மாதக் கடைசியில் அம்மா ஒருவரே டப்பா டப்பாவாகத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. சமையலறையில் எது தீர்ந்தது என்று வீட்டு ஆண்களுக்கும் தெரிய வருவது, ஆன்லைன் வந்ததால் கிடைத்த நன்மைகளில் வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று.

முகவரி

எந்த ஊரிலும் ஒரு வடக்குத் தெரு உண்டு, ஒரு மேலத்தெரு உண்டு, ஒரு பிள்ளையார் கோயிலும் உண்டு. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த டெலிவரிப் பையனுக்கு இவை எதுவும் உதவாது. கதவு எண், தெரு, ஊராட்சி, தபால் நிலையம், பின்கோடு எழுதிய பிறகு, அடையாளமாக மாறாத ஒன்றைக் கொடுங்கள்: ரேஷன் கடை, பள்ளிக்கூடம், மேல்நிலைத் தொட்டி, வாய்க்கால் பாலம். “டீக்கடைக்கு எதிரில்” வேண்டாம், டீக்கடை இடம் மாறும். வரைபடத்தில் புள்ளியை உங்கள் வாசலிலேயே நகர்த்தி வையுங்கள். சின்ன ஊர்களில் அது பெரும்பாலும் மெயின் ரோட்டிலேயே போய் நிற்கும். வீட்டில் பகலில் யாரும் இல்லை என்றால் அலுவலக முகவரியையோ, ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையோ மாற்று எண்ணாகக் கொடுக்கலாம்.

கூடையில் போடும்போது பார்க்க வேண்டியவை

இங்கேதான் பணம் போகிறது, வருகிறது. நிதானமாகப் பாருங்கள்.

“எம்.ஆர்.பி.யிலிருந்து 40 சதவீதம் தள்ளுபடி” என்று சிவப்பில் எழுதியிருப்பதை மறந்துவிடுங்கள். எந்தக் கடைக்காரரும் பருப்பை எம்.ஆர்.பி.க்கு விற்பதில்லை. நீங்கள் ஒப்பிட வேண்டியது உங்கள் கடைக்காரர் போன மாதம் போட்ட விலையோடு. அதற்குத்தான் பழைய பில்லை வைத்திருக்கச் சொன்னேன்.

அளவைப் பாருங்கள். எண்ணெய் பாக்கெட்டுகள் இப்போது ஒரே அளவில் வருவதில்லை. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். ஒரு பிராண்ட் 1 லிட்டர் 150 ரூபாய், இன்னொன்று 840 கிராம் 145 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்க்க இரண்டாவது ஐந்து ரூபாய் மலிவு. கிலோவுக்குக் கணக்குப் போட்டால் முதலாவது 165, இரண்டாவது 173. பொட்டலத்தின் மேல் ‘ஒரு கிராமுக்கு இவ்வளவு’ என்று சின்ன எழுத்தில் விலை அச்சிட்டிருப்பார்கள், ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலம் என்றால் கிலோவுக்கு. சட்டப்படி போட வேண்டிய விவரம் அது. படத்தைப் பெரிதாக்கி அதைப் பார்த்து ஒப்பிடுவது எல்லாவற்றையும்விடச் சுலபம்.

பெரிய பொட்டலம்தான் எப்போதும் மலிவு என்பதும் இல்லை. ஒரு கிலோவை விட இரண்டு அரைக் கிலோ குறைவாகக் கிடைக்கும் நாட்கள் உண்டு. மலிவாகவே இருந்தாலும் ஐந்து கிலோ ரவையை எங்கே வைப்பீர்கள் என்று யோசியுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ரவை, கடலை மாவு, கோதுமை மாவு மூன்றையும் ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைப்பது வண்டுக்கு விருந்து வைப்பதுதான்.

உற்பத்தியாளர் பெயர், நிகர எடை, எம்.ஆர்.பி., தயாரான நாடு எல்லாம் விற்பனைப் பக்கத்தில் காட்டப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் தயாரித்த மாதத்தைத் திரையில் காட்டும் கட்டாயம் இல்லை. அதனால் சாமான் எவ்வளவு பழசு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். வாடிக்கையாளர் கைக்கு வரும்போது பொருளின் ஆயுளில் 30 சதவீதமாவது, அல்லது காலாவதிக்கு 45 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் ஆன்லைன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. புகார் எழுதும்போது இந்த வரி கைகொடுக்கும். பெயர் தெரியாத பிராண்டு என்றால் 14 இலக்க உணவு உரிம எண் படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

விற்பவர் யார் என்ற பெயரையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். ஒரே செயலியில் ஒரே தேங்காயெண்ணெயை நாலு பேர் நாலு விலையில் விற்பார்கள்.

கட்டணங்கள்

ஒரு கணக்கு. 640 ரூபாய்க்குச் சாமான் போடுகிறீர்கள். ஊர்க் கடை விலையைவிட 70 ரூபாய் குறைவு. கடைசித் திரையில் டெலிவரி 35, கையாளும் கட்டணம் 12, மழைக் கட்டணம் 15 சேர்கிறது. 62 ரூபாய் போய்விட்டது, கையில் நின்றது 8 ரூபாய். இதே சாமானை அடுத்த வாரத்துச் சாமானோடு சேர்த்து இலவச டெலிவரி வரம்பைத் தாண்டிப் போட்டிருந்தால் 70-ம் நின்றிருக்கும். மாதத்துக்கு ஒரு பெரிய ஆர்டர், நடுவில் தேவைப்பட்டால் ஒரு சின்ன ஆர்டர். அதற்கு மேல் போனால் செயலிக்குத்தான் லாபம். வரம்பைத் தொட 60 ரூபாய் குறைகிறதே என்று தேவையில்லாத 110 ரூபாய்ச் சாமானைப் போடுவதும் இதே கதைதான்.

நாம் போடாத ஒன்று கூடைக்குள் தானாக ஏறியிருக்கிறதா என்று கடைசியில் ஒரு தடவை கீழிருந்து மேலாகப் படியுங்கள். நன்கொடை, டிப்ஸ், காப்பீடு, ‘மாதா மாதம் அனுப்பு’ என்ற டிக். கேட்காமல் கூடையில் சேர்ப்பதையும், கடைசி நிமிடத்தில் கட்டணத்தைக் காட்டுவதையும் முறைகேடான வடிவமைப்பு என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வகைப்படுத்தியிருக்கிறது. மொத்தம் 13 வகை சொல்லியிருக்கிறார்கள். உறுப்பினர் கட்டணம் கட்டச் சொன்னால், இரண்டு மாத ஆர்டரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கட்டினாலும் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

பணம் கட்டுவது, வெளிநாட்டிலிருந்து கட்டுவது

முதல் இரண்டு ஆர்டருக்குக் கையில் கொடுக்கும் முறை இருந்தால் அதை எடுங்கள். பிறகு யு.பி.ஐ. போதும். கார்டு எண்ணைச் சேமித்து வைக்காதீர்கள், பிள்ளைகள் கையில் போன் இருக்கும் வீட்டில் முக்கியமாக. யு.பி.ஐ. ரகசிய எண் பணம் அனுப்பத்தான், வாங்க அல்ல. “ரீஃபண்ட் தருகிறோம், ரகசிய எண் போடுங்கள்” என்றால் திருட்டு. “உங்கள் பார்சல் நிற்கிறது, நட்சத்திரக் குறியோடு இந்த எண்ணை டயல் பண்ணுங்கள்” என்று போன் வந்தாலும் அதேதான், உங்கள் அழைப்புகளைத் திருப்பிவிடும் வேலை அது. வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடாதீர்கள், செயலிக்குள் இருப்பதை மட்டும் தொடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்குச் சாமான் போடுகிற பிள்ளைகள் கவனிக்க வேண்டியது வேறு. டெலிவரித் தொடர்பு எண்ணாக ஊரில் இருக்கும் அம்மாவின் எண்ணைக் கொடுங்கள். உங்கள் சிங்கப்பூர் எண்ணைக் கொடுத்தால் டெலிவரிக்காரர் கூப்பிட முடியாமல் திரும்பிப் போவார். பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுங்கள். வெளிநாட்டு கார்டு சில இடங்களில் செல்லாது. சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் போன்ற நாடுகளின் எண்ணோடு என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கை (வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்குகள்) யு.பி.ஐ.யில் இணைக்க 2023-இல் அனுமதி வந்தது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் ஓ.டி.பி. கேட்பார்கள் என்றால் அதையும் முன்பே சொல்லிவையுங்கள்: “அம்மா, சாமான் உள்ள வெச்சு எண்ணிப் பாத்துட்டு நம்பரச் சொல்லு. வேற யாரு போன்ல கேட்டாலும் சொல்லாத.” அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுப் போடுங்கள். அங்கே உட்கார்ந்து பார்க்கும்போது நல்லதாகத் தெரிகிற ஓட்ஸ் மூட்டை இங்கே பரணில் தூங்கும்.

சாமான் வந்ததும்

பெட்டியைப் பிரிக்கும் முன் போன் வீடியோவை ஓடவிடுங்கள். முகவரிச் சீட்டு தெரிய வேண்டும், ஒட்டிய டேப் தெரிய வேண்டும், பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுப்பது. எண்ணெய் கசிந்திருந்தால் மற்றச் சாமானையும் சேர்த்துப் படம் எடுங்கள், சோப்புத்தூள் பக்கத்தில் பிரிந்த சர்க்கரைப் பாக்கெட்டுக்கும் அவர்கள்தான் பொறுப்பு. பில்லோடு ஒப்பிட்டு டிக் அடியுங்கள். தேதியைப் பார்த்து, முன்னால் காலாவதியாவதை டப்பாவில் முன்னால் வையுங்கள். சமையலறைத் தராசு இருந்தால் ஏதாவது ஒன்றை நிறுத்துப் பார்க்கலாம்.

பருப்பையும் உளுந்தையும் வெயிலில் ஒரு நாள் காயவைத்து, ஆறிய பிறகு டப்பாவில் அடைத்து, இரண்டு காய்ந்த மிளகாயோ காய்ந்த வேப்பிலையோ போடுவதை நம் பாட்டிகள் செய்தது சும்மா இல்லை. பார்சலில் வந்த பருப்பு எந்தக் கிடங்கில் எத்தனை நாள் கிடந்தது என்று நமக்குத் தெரியாது. பெட்டி அட்டையை ஈரத்தரையில் போட்டுவைக்காதீர்கள், கரையான் வரும்.

மழையும் திருவிழாவும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வீடுகள் ஐப்பசி பிறக்கும் முன்பே ஒரு மாதத்துக்குக் கூடுதலாகப் பருப்பு, எண்ணெய், தீப்பெட்டி, மெழுகுவர்த்தி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. அந்த நாட்களில் எந்தச் செயலியும் திறக்காது, ஊர்க் கடைதான் கதி. அந்தக் கடையை வருஷம் முழுவதும் அறவே மறந்துவிட்டு அன்றைக்கு மட்டும் போய் நிற்க முடியாது. லிஸ்டில் ஒரு பங்கை அங்கே வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்கும் சேர்த்துத்தான்.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. நாகூர் கந்தூரி, தீபாவளி, பொங்கல் வாரங்களிலும் பார்சல் தாமதமாகும். 2028-இல் கும்பகோணத்தில் மகாமகம், அந்த மாசி மாதத்துக்கு உள்ளூர்க்காரர்கள் முன்னாடியே வாங்கி அடுக்கிவிடுவது உத்தமம். பொங்கல் சாமானில் வெல்லத்தை மட்டும் ஆன்லைனில் வாங்காதீர்கள், நிறத்தை வைத்துப் படத்தில் முடிவு செய்ய முடியாத சாமான் அது.

தப்பு நடந்தால்

குறைச்சலாகவோ கெட்டதாகவோ வந்தால் அன்றைக்கே செயலிக்குள் புகார் போடுங்கள். மளிகைக்குத் திருப்பித் தரும் அவகாசம் குறைவு, சிலவற்றுக்கு அது கிடையாது. சாட்டில் பேசுகிறவர் “வாலட்டில் போடுகிறோம்” என்பார். வேண்டாம், பணம் கட்டிய கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள். வாலட்டில் போட்டால் அந்தப் பணத்துக்கு மறுபடி அங்கேதான் சாமான் வாங்க வேண்டும்.

சாட்டில் தீரவில்லை என்றால் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல். பெயரும் தொடர்பும் செயலியிலேயே இருக்க வேண்டும். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். ஆர்டர் எண், தேதி, படம், என்ன வேண்டும் என்ற ஒரு வரி. நீளமான கோபம் வேண்டாம். அதற்கும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை. மூன்று கிலோ பருப்புக்கு யாரும் அவ்வளவு தூரம் போகப்போவதில்லை. ஆனால் 1915 வரைக்கும் போவேன் என்று மின்னஞ்சலில் எழுதினாலே பல சமயம் வேலை நடக்கிறது. எதுவாக இருந்தாலும், வங்கிக் கணக்கில் பணம் வந்து விழுந்ததைப் பார்க்கும் வரை, பெட்டியைப் பிரித்தபோது எடுத்த அந்த வீடியோவைப் போனிலிருந்து அழிக்காதீர்கள்.